பண்ணைத் தென்னையும் எங்கள் கூரையும்

எங்கள் வீட்டுக்கு மேலே சாய்ந்து நின்ற தென்னைமரம் எங்களுடையது அல்ல. வீடு எங்களுடையதா என்பதும் அப்போது முடிவாகவில்லை. அடியில் படுத்துத் தூங்கிய நான் மட்டும்தான் சந்தேகமில்லாமல் எங்கள் வீட்டுச் சொத்து. என் மேல் உரிமை கேட்டு யாரும் தாவா போடவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம் எங்கள் தெரு. தெரு முழுக்கப் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். செங்கொடிச் சங்கத்துக்கும் பண்ணைக்கும் அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. யார் எந்த மண்ணில் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. மேடையில் பேசினார்கள், கைதட்டினோம். ஆனால் தாலுகா ஆபீஸிலிருந்து ஆரய், அதாவது வருவாய் ஆய்வாளர், நேரில் வந்து பார்த்து, இது குடியிருக்கும் வீடுதான் என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டா.

எங்கள் இடத்துக்குப் பண்ணை ஆட்சேபணை சொல்லியிருந்தது. அது வீடே இல்லை, பண்ணையின் மாட்டுக் கொட்டகை, அதில் சில பேர் வந்து ஒண்டியிருக்கிறார்கள் என்று. அதைக் கேட்டு அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

ஆரய் வருவார் வருவார் என்றார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. இனிக் கார்த்திகை. கார்த்திகை என்றால் எங்கள் பக்கத்தில் புயல் மாதம். அம்மாவின் பயம் அதுதான். போன மழையில் தெருக்கோடியில் ஒரு குடும்பத்தின் வீடு விழுந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து வருவதற்குள், விழுந்த இடத்தைச் சுற்றிப் பண்ணை முள்வேலி போட்டு நடுவே வாழைக்கன்றும் வைத்துவிட்டது. ஆரய் வந்தபோது அங்கே வாழை இருந்தது. வாழை என்று எழுதிக்கொண்டு போனார்.

"ஆரய் வர்ற வரைக்கும் வீடு நிக்கணும். அதுக்கப்புறம் விழுந்தா விழட்டும்" என்றாள் அம்மா.

எனக்குக் கல்யாணமாகி முதல் மழைக்காலம் அது. நீடாமங்கலத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் ஆம்பிளை என்ற பதவி எனக்கு வந்திருந்தது. எந்தத் தேர்வும் எழுதாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி.

புயலுக்கு வீட்டைத் தயார் செய்வது பெண்கள் வேலை, பேசுவது ஆண்கள் வேலை என்றுதான் எங்கள் தெருவில் நடைமுறை. அம்மாவும் என் மனைவியும் களிமண் குழைத்துச் சுவரின் காலடியில் கரை மாதிரி ஏற்றினார்கள். காய்ந்த வறட்டியையும் சுள்ளியையும் யூரியா சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். தீப்பெட்டிகள் என் மனைவியின் கல்யாணச் சீராக வந்த பவுடர் டப்பாவுக்குள் போயின. பவுடர் தீர்ந்திருக்கவில்லை. அதை ஒரு துணியில் கொட்டி முடிந்துவைத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுத் தீக்குச்சி மல்லிகை மணத்தோடு எரிந்தது.

நான் கூரையை எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் கயிற்றால் கட்டும். கயிறு மழையில் ஊறி இற்றுப்போகும். ரப்பர் ஊறுமா? கடையில் கழித்துப் போட்ட சைக்கிள் டியூப்புகளை நீளநீளமாக அறுத்துக் கொண்டுவந்து, கீற்றுக் கூரையை நாலு பக்கமும் முளைக்குச்சியோடு இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது.

மனைவி ஒரு டியூப்பைச் சுண்டிப் பார்த்தாள். வீணை மாதிரி சத்தம் வந்தது.

"ஏங்க, இது இழுத்தா நீளுதே?"

"நீளும். ஆனா அறுந்து போவாது."

"அறுந்து போவாது சரி. கூரை மட்டும் மேல போயிட்டுத் திரும்பி வருமா?"

விஞ்ஞானம் தெரியாதவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

கூரை இப்படி முடிந்தது. மிச்சம் இருந்தது தென்னை. வாசலுக்கு வலப்புறம் முளைத்து, வயசாக வயசாக எங்கள் கூரைப் பக்கமே சாய்ந்து வந்த மரம். தலை நிறைய மட்டை, குலை குலையாகக் காய். காற்று வந்தால் அது விழப்போகும் இடம் எங்கள் அடுப்படி. மட்டையைக் கழித்துக் காயை இறக்கிவிட்டால் மரத்தில் காற்று பிடிக்காது, பிழைத்துக்கொள்ளும். ஆனால் மரம் பண்ணையுடையது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்: குடியிருக்க இடம் விடுவார்கள், அதில் நிற்கும் மரத்தை விடமாட்டார்கள். தென்னையில் கை வைத்தால் தேங்காய்த் திருட்டு என்று கேஸ். சங்கத்தில் இருந்த பாதிப் பேர் மேல் அந்தக் கேஸ் இருந்தது. அதில் இரண்டு பேருக்கு மரமே ஏறத் தெரியாது.

"பண்ணையில போய்க் கேட்டுட்டு வெட்டுவமே?" என்றேன்.

"கேப்ப. ஐயா, ஒங்க எடத்துல நிக்கிற ஒங்க மரத்தை வெட்டிக்கவான்னு கேப்ப. அப்பறம் அந்த ஆரய் முன்னாடி என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்ப?" என்றாள் அம்மா.

வெட்டினால் கேஸ். கேட்டால் இடம் போகும். சும்மா இருந்தால் மரம் விழும். மூன்று பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். கழுத்து வலித்தது.

கடைசியில் என் மனைவிக்குத்தான் எரிச்சல் வந்தது. "வெட்டத்தானே கூடாது? கட்டலாமில்ல? மாட்டைக் கட்டுறாப்ல அந்தாண்ட இழுத்துக் கட்டிப்புடுங்க. விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுவட்டும்."

மரத்தைக் கட்டக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் வண்டி வைத்திருந்தார். வைக்கோல் பாரம் கட்டும் வண்டிக் கயிறு அவரிடம் இருந்தது. சங்கத்தின் கிளைச் செயலாளரும் அவர்தான். கயிற்றோடு அவர் வந்தார். மரம் ஏற என் மச்சான், மனைவியின் தம்பி வந்தான். நான் முதலில் ஏறிப் பார்த்தேன். பாதி மரம் வரை போனேன். அதற்கு மேலே போகவும் தோன்றவில்லை, கீழே வரவும் தெரியவில்லை. மச்சான் ஏறி வந்து என்னைத் தாண்டிப் போனான். எப்படித் தாண்டினான் என்பதை என் கௌரவம் கருதி விட்டுவிடுகிறேன்.

அம்மா கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தாள். "ஒரு குரும்பை கூட விழக்கூடாது! பாத்துக்க!"

குரும்பைப் பிஞ்சு விழவில்லை, முற்றிய நெற்று ஒன்று விழுந்தது. அம்மா அதை எடுத்து முந்தானையில் துடைத்து, அப்போதே பண்ணைக் காரியக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் வாசலில் விழும் ஒவ்வொரு காயையும் அவள் அப்படித்தான் கொடுத்து வந்தாள். திருட்டுப் பட்டம் வரக்கூடாதாம்.

மரத்தின் கழுத்தில் கயிறு போட்டாகிவிட்டது. மறுமுனையை எதில் கட்டுவது? கூரைக்கு எதிர்ப்பக்கம், தெருமுனையில், சிமெண்டு போட்டு நட்ட இரும்புக் கம்பங்கள் மூன்று இருந்தன. ஒன்றில் ஆளுங்கட்சிக் கொடி, ஒன்றில் அதிலிருந்து பிரிந்து புதிதாய்ப் போன கட்சியின் கொடி, ஒன்றில் சங்கத்துச் செங்கொடி. எங்கள் தெருவில் உறுதியாக நின்றவை அவை மூன்றும்தான்.

"நம்ம கம்பத்துல கட்டு. பண்ணை மரத்தை சங்கத்துக் கம்பம் இழுத்துப் புடிக்கட்டும். பாக்கவே நல்லாருக்கும்" என்றார் சித்தப்பா.

"அது எப்படிங்க? எங்க கம்பம்தான் ஒசரம். எங்க அக்கா வீடு. எங்க கம்பத்துலதான் கட்டணும்" என்று மச்சான் மரத்தின் மேலிருந்தே கத்தினான். அவன் புதுக்கட்சி.

"நேத்து மொளச்ச கம்பம்! சிமெண்டே இன்னும் காயல."

"சித்தப்பா, நீங்க பெரியவங்கன்னு பாக்கறேன். எறங்கி வந்தேன்னா..."

"எறங்கி வாயேன், யாரு வேணாங்கறா?"

"ரெண்டுலயும் கட்டாதீங்க! ஆளுங்கட்சிக் கம்பத்துல கட்டுனாத்தான் ஆரய் வந்து பாத்தா மதிப்பான்" என்று தேநீர்க்கடைப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். அதோடு தெருவே கூடிவிட்டது.

எதில் கட்டினாலும் நான் அந்தக் கட்சி. மற்ற இரண்டு கட்சிக்காரர்களும் அடுத்த கல்யாணத்துக்கு என் வீட்டுக்கு வரமாட்டார்கள். அம்மா கயிற்றின் முனையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வாய்க்கால் கரைக்கு நடந்தாள். அங்கே ஒரு பனை நின்றது. வாய்க்கால் கரை சர்க்கார் கரை, பனை சர்க்கார் பனை. அதுவும் எங்கள் கூரைக்கு எதிர்ப்பக்கம்தான்.

"இதுல கட்டு. இது எவனுக்கும் ஓட்டு போட்டதில்ல."

மூன்று கட்சிக்காரர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு விறைத்து நின்றது. மரம் லேசாக எங்கள் கூரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் காரியக்காரர் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். இங்கே எல்லாம் இவர்தான். முன்பெல்லாம் எங்களை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். சங்கம் வந்த பிறகு அப்படிக் கூப்பிடப் பயம். 'வாங்க போங்க' என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் எங்களிடம் பேச வேண்டியதையெல்லாம் எங்கள் வீட்டு ஆட்டைப் பார்த்தோ, சுவரைப் பார்த்தோ பேசும் பழக்கத்துக்கு வந்திருந்தார். பாவம், அவருக்கும் கஷ்டம்தான்.

அன்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். "கயிறு போட்டிருக்காப்ல இருக்கு?"

அம்மாவும் மரத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "ஆமா. சாஞ்சுக்கிட்டு வந்துச்சு. விழுந்தா பண்ணைக்குத்தானே நஷ்டம். பத்திரமா கட்டி வச்சிருக்கு."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கார்த்திகையில் புயல் பகலிலேயே வந்தது. காலையில் ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோவில் சொன்னால் வராது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை இருந்ததால் கொஞ்ச நேரம் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பிறகு வானம் செம்புக் குடத்தின் உள்பக்கம் மாதிரி ஆனது. காக்கைகளைக் காணோம். மாடுகளை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. பள்ளிக்கூடம் ஒன்றுதான் மாடிக் கட்டடம். படிக்கிற காலத்தில் அதிலிருந்து ஓடிவந்தவன் நான். அன்றைக்குத்தான் அதற்குள் போக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. நான் வரல."

"அம்மா, வெளையாடாத. கெளம்பு."

"வெளையாட்டா? நம்ம போயி அங்க உக்காந்துக்குவோம், இங்க வேலி போட்டுருவான். ஆள் இல்லாத வீட்டை எவன்டா வீடுன்னு எழுதுவான்? ஒங்கப்பா இந்த மண்ணுலதான் கெடந்து செத்தாரு. நான் இருக்கேன்."

மனைவி ஆட்டை உள்ளே இழுத்துக் கட்டிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வீரத்தால் அல்ல. தனியாகப் பள்ளிக்கூடம் போனால் அங்கே மச்சான் கேட்கும் கேள்விகள் புயலைவிட மோசமாக இருக்கும்.

மத்தியானம் காற்று திரும்பியது. முதலில் என் கூரை மூச்சு விட ஆரம்பித்தது. டியூப்பெல்லாம் நீண்டு கூரை ஒரு முழம் மேலே எழும்பும். பிறகு 'தொப்'பென்று வந்து உட்காரும். இடுக்கில் வானம் தெரியும், மறையும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட வார்த்தைகளில் நான் இன்றைக்கும் மறக்காதது அது.

நாலைந்து தடவை போய் வந்த கூரை அடுத்த தடவை வரவில்லை. டியூப் ஒன்று கூட அறவில்லை. முளைக்குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு கூரை மொத்தமாகப் போய்விட்டது. பிறகு பார்த்தபோது அது பண்ணைக் களத்து மேட்டில் சேதமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நில உச்சவரம்பு, குடியிருப்புச் சட்டம் எல்லாம் வந்தும் எங்கள் தெருவிலிருந்து பண்ணைக்குள் குடியேறியது அது ஒன்றுதான்.

மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. நான் தலையை நெல் குதிருக்குள் விட்டுக்கொண்டேன். மீதி உடம்பு வெளியே இருந்தது. அம்மா பரணிலிருந்து வறட்டிச் சாக்கை இழுத்து அடுப்பின் மேல் வைத்து, பவுடர் டப்பாவையும் வைத்து, பெரிய அண்டாவைக் கவிழ்த்து மூடி, அண்டாவின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மனைவி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆடு இருவருக்கும் நடுவில். எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் எதுவும் அதில் இல்லை.

பின்பக்கத்துச் சுவர் கரைந்து சேறாகி இறங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தென்னையின் வேர் மண்ணை விட்டுக் கிளம்பும் சத்தம். குதிருக்குள்ளிருந்து தலையை எடுத்தேன். மரம் எங்கள் தலைக்கு மேலே ஒரு தரம் ஆடியது. அடுப்படியும் அம்மாவும் மனைவியும் அந்த நிழலுக்குள் இருந்தார்கள். கயிறு 'விர்'ரென்று கத்தியது. பனை வளைந்துகொடுத்தது. மரம் அந்தப் பக்கம் திரும்பி, எங்கள் வாசலைத் தாண்டி, வாய்க்காலுக்குக் குறுக்கே போய் விழுந்தது.

அம்மா அண்டாவின் மேலிருந்து சொன்னாள்: "காய் சிதறும். பொறுக்கி அனுப்பணும்."

மறுநாள் காலையில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். தெருவில் பாதி வீடு இல்லை. எங்களுக்கு மூன்று சுவர் இருந்தது, நடுவில் அடுப்பு இருந்தது. அம்மா அண்டாவை நிமிர்த்தினாள். வறட்டி காய்ந்த வறட்டியாகவே இருந்தது. மல்லிகை வாசனையோடு தீக்குச்சி பற்றியது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கஞ்சி அங்கேதான் கொதித்தது. கண்ணுக்கெட்டியவரை புகை வந்த ஒரே இடம் எங்கள் வீடு.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஒருவர் வரப்பு வரப்பாக வந்தார். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்து, நனைந்த கோழி மாதிரி. சேதம் பார்க்க வந்த ஆரய். மாதக்கணக்காக வராத மனிதர்.

அம்மா பதறவில்லை. "உக்காருங்க. கருப்பட்டித் தண்ணி வைக்கிறேன்" என்றாள். உட்கார இடமில்லை. அம்மா அண்டாவை மறுபடி கவிழ்த்துப் போட, அவர் அதன் மேல் உட்கார்ந்தார்.

பின்னாலேயே காரியக்காரர் ஓடிவந்தார். அவர் வீட்டு ஓடெல்லாம் போய், வேட்டி சேறாகி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆரயைப் பார்த்ததும் மூச்சிரைக்கச் சொன்னார். "சார், நீங்களே பாருங்க. கூரை இருக்கா? மூணு மண்சுவரு. இதைப் போயி வீடுங்கறாங்க. கொட்டகை சார் இது."

கூரை இல்லாததற்குக் காரணம் நான்தானே. ஆரய் மூன்று சுவரையும் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் காரியக்காரர் கண்ணில் தென்னை பட்டது. "ஐயோ! காய்ச்ச மரம் சார்! கயிறு போட்டு இழுத்துச் சாச்சுட்டாங்க சார், இவங்கதான்!"

"யாரு மரம்?" என்றார் ஆரய்.

"பண்ணை மரம் சார். இதுல சந்தேகமே வேணாம்."

"எப்படிங்க சொல்றீங்க? எங்க நின்னுச்சு?"

"இவங்க வாசல்லதான் சார் நின்னுச்சு. இந்தப் பையன் அப்பன் காலத்துலேர்ந்து நிக்கிது. ஒரு காய் விழுந்தாலும் இந்தம்மா எடுத்தாந்து என் வீட்டுல குடுத்துட்டுத்தான் அடுப்பே மூட்டும். இத்தன வருசத்துல ஒரு காய் தவறுனதில்ல சார். ஊரைக் கேட்டுப் பாருங்க. பண்ணை மரம் இல்லன்னா ஏன் சார் கொண்டாந்து குடுக்குது?"

ஆரய் தம்ளரை வாங்கிக் குடித்தார். "அப்ப அவங்க அப்பா காலத்துலேர்ந்து இவங்க இங்க இருக்காங்க. வாசல் இருக்கு. இங்கதான் அடுப்பு மூட்டுறாங்க."

"ஆமா சார், அதத்தானே..." என்று ஆரம்பித்த காரியக்காரர் நிறுத்திக்கொண்டார்.

ஆரய் எழுதிக்கொண்டே கேட்டார். "மரம் பண்ணையோடதுதான். அப்படியே எழுதிக்கறேன். வீடு யாரு பேர்ல, ஒங்க பேர்லயாம்மா?"

அம்மா பேரைச் சொன்னாள். குரல் நடுங்கியது. புயல் பூராவும் நடுங்காத குரல்.

ஆரய் போன பிறகும் காரியக்காரர் போகவில்லை. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். மிராசுதாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். அல்லது ஓடு போன தன் வீட்டை நினைத்திருப்பார். அவர் வீட்டில் நேற்றிலிருந்து அடுப்பு எரியவில்லை என்று பிறகு தெரிந்தது. அம்மா இன்னொரு தம்ளரை அவர் பக்கத்தில், மரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தாள். எங்கள் தெருவில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவர். கொஞ்ச நேரம் தம்ளரைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். திரும்பியபோது தம்ளர் காலியாக இருந்தது.

எழுந்து போகும்போது மரத்தைப் பார்த்துச் சொன்னார். "காயை ஏத்திக்கிட்டுப் போவ ஆள் வரும். மட்டை கெடந்து அழுவத்தான் போவுது. யாராச்சும் எடுத்தா எடுத்துக்கறதுதான்."

அம்மாவும் மரத்தைப் பார்த்தே சொன்னாள். "சரி, எடுத்துக்கறது."

அன்றைக்கே அம்மாவும் மனைவியும் அந்த மட்டைகளைக் கிழித்து, வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டுக் கீற்று முடையத் தொடங்கினார்கள். இத்தனை வருசம் எங்களை மிரட்டிக்கொண்டு நின்ற மரம் எங்கள் கூரையாகப் போகிறது. பட்டா அப்புறம் சாவகாசமாக, அம்மா பெயரிலேயே வந்தது.

நானும் சும்மா இருக்க முடியாமல் களத்து மேட்டுக்குப் போய், பறந்துபோன கூரையிலிருந்து டியூப்புகளை அவிழ்த்து, அலசித் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்று கூட அறவில்லை என்பதைக் காட்டத்தான்.

மனைவி கீற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "ஏங்க, அதை வாசலுக்கு உள்ள கொண்டாராதீங்க. இப்பத்தான் வீடுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க."